கட்டளைவரி நிரலுக்கு முதலில் எந்த டெஸ்ட்?

2025 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 25.10 பதிப்பில், நெடுங்காலமாக இருந்த குனூ கோர்யுடில்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) கருவிகளின் இடத்துக்கு ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்ட யுயுடில்ஸ் கருவிகள் வந்தன. சில நாட்களிலேயே ஒரு பிழை தெரியவந்தது. 'டேட்' கட்டளைக்கு '-ஆர்' ஆப்ஷனோடு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்ல வேண்டும். புதிய 'டேட்' அந்த ஆப்ஷனை வாங்கிக்கொண்டு இப்போதைய நேரத்தைச் சொன்னது. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. அந்த விடையை நம்பியிருந்த தானியங்கிப் புதுப்பிப்புச் சரிபார்ப்பு சில கணினிகளில் நடக்காமல் போனது.

இதை எந்த வகை டெஸ்ட் பிடித்திருக்கும்? ரஸ்ட் நினைவகப் பாதுகாப்புள்ள மொழி என்பது இங்கே உதவாது. நிரல் எங்கும் உடைந்து விழவில்லை என்பதால் ஃபஸ்ஸிங் (தாறுமாறான உள்ளீட்டை ஊட்டிப் பார்ப்பது) கண்டுகொள்ளாது. தேதிக் கணக்கு சரியாகவே இருந்ததால் அதற்கான யூனிட் டெஸ்ட் (ஒரு ஃபங்ஷனை மட்டும் தனியாகச் சோதிப்பது) தேறிவிடும். நிரலை வெளியிலிருந்து ஓட்டி, வந்த விடையைப் பார்க்கும் டெஸ்ட் மட்டுமே பிடிக்கும். அதிலும் ஒரு பொறி உண்டு. டெஸ்டுக்குள் அப்போதுதான் உருவாக்கிய கோப்பைக் கொடுத்தால் அதன் மாற்ற நேரமும் 'இப்போது'தான். தவறான விடையும் சரியாகத் தெரியும். 'டச்' கட்டளையால் கோப்புக்கு 2001ஆம் ஆண்டுத் தேதி இட்டுவிட்டு ஓட்டினால்தான் குட்டு உடையும்.

ஒன்றிரண்டு பேர், வாரத்துக்குச் சில மணி நேரம் ஒதுக்கி நடத்தும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை மனதில் வைத்தே இந்த ஒப்பீடு. யூனிட் டெஸ்ட், புராசஸ் எல்லையில் டெஸ்ட் (நிரலை வெளியிலிருந்து ஓட்டிப் பார்ப்பது), ஸ்னாப்ஷாட் (வெளியீட்டைப் பதிந்து ஒப்பிடுவது), ஃபஸ்ஸிங், வேண்டுமென்றே கோளாறு ஏற்படுத்திப் பார்ப்பது ஆகிய ஐந்துக்கும் தனித்தனிப் பயன் உண்டு. இருக்கும் நேரத்தில் எதை முதலில் தொடுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் தீர்ப்பு: புராசஸ் எல்லையில் தொடங்குங்கள். ஆர்குமென்ட், ஸ்டாண்டர்ட் இன்புட், சூழல் மாறிகள், கோப்புகள், சிக்னல்கள் உள்ளே போகின்றன. ஸ்டாண்டர்ட் அவுட்புட், ஸ்டாண்டர்ட் எரர், எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி), எழுதிய கோப்புகள் வெளியே வருகின்றன. மற்றவர்களின் ஸ்கிரிப்டும் கிரான் வேலையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) இந்த எல்லையை நம்பித்தான் எழுதப்படுகின்றன. உள்ளே ஒரு ஃபங்ஷனின் பெயர் மாறினால் பயனருக்குத் தெரியாது. எக்ஸிட் கோட் 1 என்பது 2 ஆனால் எங்கோ ஒரு சர்வரில் நள்ளிரவு பேக்கப் நின்றுபோகும்.

யூனிட் டெஸ்ட்

அளவு, தேதி, பாதை ஆகியவற்றைப் பகுத்தறியும் ஃபங்ஷன்கள், மறுமுயற்சிக்கான இடைவெளிக் கணக்கு போன்ற தூய கணக்குகளுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆயிரம் டெஸ்டும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஆப்ஷனை அதன் வேலையோடு இணைக்காமல் விடும் '-ஆர்' போன்ற பிழைகள் இதன் கண்ணில் படா. மாக் (போலி மாற்று) வைத்துக் கோப்பு முறைமையையே போலியாக்கும் யூனிட் டெஸ்டுகள் கட்டளைவரி நிரலில் பெரும்பாலும் வீண் உழைப்பு. உண்மையான தற்காலிக டைரக்டரி கையருகிலேயே இருக்கிறது. 2005இல் தொடங்கிய, நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் திட்டம், சி மொழிக்கான முறையான யூனிட் டெஸ்ட் சட்டகத்தை 2023-24 வாக்கில்தான் சேர்த்தது. அதுவரை அதைத் தாங்கியவை முதன்மையாக ஷெல் ஸ்கிரிப்ட் டெஸ்டுகளே.

புராசஸ் எல்லையில் டெஸ்ட்

கிட்டின் டெஸ்ட் நூலகத்தை ஒரு பாடநூலாகவே வாசிக்கலாம். ஒவ்வொரு டெஸ்ட் கோப்பும் தனக்கென ஒரு புதிய டைரக்டரியில் ஓடுகிறது. மொழி அமைப்பு 'சி' என்றும் நேர மண்டலம் யுடிசி என்றும் தொடக்கத்திலேயே பூட்டப்படுகின்றன. கமிட் நேரங்கள்கூட ஒரு குறிப்பிட்ட எண்ணிலிருந்து ஒழுங்காக நகர்கின்றன; அதனால் ஹேஷ் மாறாது.

அங்கிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியது 'டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில்'. "இந்தக் கட்டளை தோற்க வேண்டும்" என்பதைச் சோதிக்கப் பலர் ஷெல்லின் ஆச்சரியக்குறியை முன்னால் போடுவார்கள். நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகி எக்ஸிட் கோட் 139உடன் செத்தாலும் அது 'தோல்வி'தானே? டெஸ்ட் தேறிவிடும். கட்டளையின் பெயரைத் தவறாகத் தட்டினால் வரும் 127க்கும் அதே கதி. கிட்டின் உதவி ஃபங்ஷன், சிக்னலால் செத்ததையும் 127ஐயும் ஏற்க மறுக்கிறது. உங்கள் திட்டத்தில் இதை எழுதப் பத்து வரி போதும். அதைவிட நல்லது, எதிர்பார்க்கும் எண்ணையே ஒப்பிடுவது.

ஷெல்லில் எழுதுவதானால் பேட்ஸ் என்ற டெஸ்ட் கருவி பரவலான தேர்வு. அதில் அடிக்கடி இடறும் நான்கு இடங்கள் உண்டு. கட்டளையை ஓட்டிப் பார்க்கும் 'ரன்' ஒரு சப்ஷெல்லில் ஓடுவதால் உள்ளே மாற்றிய மாறிகள் வெளியே வராது. 'ரன்' போட்ட வரியில் பைப் வைத்தால், பைப் 'ரன்'னுக்கு வெளியேதான் இணையும். முழு வரியையும் 'பாஷ் -சி'க்குள் வைக்க வேண்டும். வழக்கமான நிலையில் இரு வெளியீடுகளும் கலந்தே வரும், 1.5 பதிப்பு முதல் ஸ்டாண்டர்ட் எரரைப் பிரித்துத் தரும் ஆப்ஷன் உண்டு, அதை எப்போதும் போடுங்கள். எச்சரிக்கைச் செய்தி தவறிப்போய் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் விழுந்தால் பைப்பின் அடுத்த கட்டளை அதைத் தரவாக வாங்கிவிடும். இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நேர்வது. நான்காவதாக, பின்னணியில் ஒரு சர்வரைக் கிளப்பினால் அது பேட்ஸின் 3ஆம் எண் ஃபைல் டிஸ்கிரிப்டரைப் பிடித்துக்கொள்ளும்; டெஸ்டுகள் எல்லாம் முடிந்த பிறகும் பேட்ஸ் நகராமல் நிற்கும். கிளப்பும் வரியிலேயே 3ஐ மூடிவிட வேண்டும்.

ரஸ்டில் எழுதுபவர்கள் 'அசர்ட்_சிஎம்டி'யையும், கோவில் எழுதுபவர்கள் 'டெஸ்ட்ஸ்கிரிப்ட்' தொகுப்பையும் எடுக்கலாம். கோ மொழியின் சொந்தக் கட்டளைக்கான டெஸ்டுகளிலிருந்து பிறந்த டெஸ்ட்ஸ்கிரிப்டில், ஒரு டெஸ்டுக்கான கட்டளைகளும் தேவையான கோப்புகளும் ஒரே உரைக் கோப்பில் அடங்கிவிடும், வாசிப்பது எளிது. விண்டோஸிலும் ஓட வேண்டிய கருவி என்றால் ஷெல்லை நம்பாத இந்த வழிகளே மேல்.

சூழலைப் பூட்டுவதில் சிக்கனம் வேண்டாம். ஹோம் டைரக்டரி, கன்ஃபிக் டைரக்டரி இரண்டையும் தற்காலிக இடத்துக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் உங்கள் கணினியில் தேறுவது உங்கள் சொந்த அமைப்புக் கோப்பின் தயவாக இருக்கலாம். நேர மண்டலம், மொழி, முனையத்தின் அகலம், வண்ணம் எல்லாவற்றையும் நிலையாக்குங்கள். பிறகு ஒரே ஒரு டெஸ்டை மட்டும் வேறு மொழி அமைப்பில் ஓட்டுங்கள். வரிசைப்படுத்தலும் தசமப் புள்ளியும் எங்கே நாட்டுக்கு நாடு மாறுகின்றன என்பது அங்கே தெரியும்.

செலவு எவ்வளவு? 600 டெஸ்ட், ஒவ்வொன்றிலும் 3 முறை நிரலைக் கிளப்புவதாக வைத்தால் 1,800 தொடக்கங்கள். சி, ரஸ்ட், கோ நிரல் ஒன்று 5 மில்லிசெகண்டில் முடிந்தால் மொத்தம் 9 நொடி. பைத்தான் நிரல் இம்போர்ட்களோடு சேர்த்து 150 மில்லிசெகண்ட் எடுத்தால் 270 நொடி, அதாவது நாலரை நிமிடம். அப்போது முடிவு மாறுகிறது. பைத்தானில் கிளிக் நூலகத்தின் 'கிளைரன்னர்' போல ஒரே புராசஸுக்குள் ஓட்டும் வழியில் பெரும்பகுதியை வைத்து, முப்பது டெஸ்டை மட்டும் உண்மையான புராசஸாக ஓட்டலாம். அந்த முப்பதை விட்டுவிடக் கூடாது. நிறுவிய பின் கட்டளை கிளம்புகிறதா, பைப் மூடினால் என்ன ஆகிறது, யுடிஎஃப்-8 அல்லாத முனையத்தில் உரை வருகிறதா என்பவற்றை உள்ளோட்டம் காட்டாது.

இன்னொன்று, இருபது வரி ஸ்கிரிப்டில் முடியும் வேலை. 'ஹெல்ப்' வெளியீட்டிலிருந்து எல்லா ஆப்ஷன் பெயர்களையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் டெஸ்ட் டைரக்டரியில் ஒருமுறையாவது வருகிறதா என்று தேடுங்கள். வராதவற்றின் பட்டியல்தான் உங்கள் வேலைப் பட்டியல். வரி அளவிலான கவரேஜ் எண்ணைத் துரத்துவதைவிட இது கட்டளைவரி நிரலுக்கு அதிகம் பயன்படும்.

ஸ்னாப்ஷாட்

கட்டளையையும் அதன் வெளியீட்டையும் ஒரே கோப்பில் அப்படியே பதிந்து வைத்து, அடுத்த முறை ஒப்பிடும் முறை இது. கிட் போன்ற மெர்குரியல் திட்டத்தின் டெஸ்டுகள் இப்படித்தான் எழுதப்பட்டன. அதன் வடிவைப் பின்பற்றி கிராம் கருவி வந்தது. ரஸ்டில் இன்ஸ்டா, டிரைசிஎம்டி இரண்டும் இந்த வகை. வெளியீடு மாறினால் ஒரே கட்டளையில் புதியதை ஏற்றுக்கொள்ளலாம். எழுதும் வேகத்தில் மற்ற நான்கும் இதன் அருகில் வரமுடியாது.

அந்த வேகமே ஆபத்தும் ஆகிறது. ஒரு தலைப்புச் சொல்லை மாற்றினால் 140 ஸ்னாப்ஷாட் மாறும். பராமரிப்பவர் முதல் ஐந்தைப் பார்த்துவிட்டு மீதியை மொத்தமாக ஏற்பார். அந்த 135க்குள் ஒரு உண்மையான பிழை சரியான விடையாகப் பதிந்துவிடும். அதனால் ஸ்னாப்ஷாட்டை மனிதர் வாசிக்கும் வெளியீட்டுக்கு மட்டும் வையுங்கள்: உதவித் திரை, பிழைச் செய்தி, அட்டவணை. ஜேசான் போல இயந்திரம் வாசிக்கும் வெளியீட்டில் தேவையான புலங்களைத் தனியாக எடுத்து ஒப்பிடுவது நல்லது. ஒரு ஸ்னாப்ஷாட் 40 வரியைத் தாண்டினால் யாரும் அதை வரிவரியாகப் பார்க்கமாட்டார்கள். நேரம், தற்காலிகப் பாதை, பதிப்பு எண் போன்றவற்றைப் பதியும் முன்பே நிலையான சொல்லாக மாற்றிவிடுங்கள்.

ஃபஸ்ஸிங்

1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் தம் மாணவர்களுக்குக் கொடுத்த வகுப்புப் பணியில் இது தொடங்கியது. யூனிக்ஸ் கருவிகளுக்குத் தாறுமாறான எழுத்துகளை ஊட்டினார்கள். 1990இல் வெளியான கட்டுரையின்படி, சோதித்த ஒவ்வொரு அமைப்பிலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையான கருவிகள் உடைந்தன அல்லது உறைந்தன. கட்டளைவரிக் கருவிகளின் நம்பகத்தன்மை பற்றிய ஆய்விலிருந்து பிறந்ததே இந்தத் துறை. இன்று ஏஎஃப்எல்++, லிப்ஃபஸ்ஸர் போன்றவை எந்த உள்ளீடு நிரலின் புதிய கிளைக்குள் நுழைகிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்ததை உருவாக்குகின்றன.

சி அல்லது சி++ நிரல், வெளியார் தரும் கோப்பைப் பகுத்துப் படிக்கிறது என்றால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. நினைவகப் பிழைகளைக் காட்டும் அட்ரஸ் சானிடைசரோடு கட்டிய நிரல் ஏறக்குறைய இரு மடங்கு மெதுவாக ஓடும். அதே வேலைக்கான வால்கிரைண்ட் பத்து மடங்கு, இருபது மடங்கு என்று இழுக்கும். அதனால் தினசரி ஓட்டத்துக்குச் சானிடைசரே பொருத்தம். விதைக் கோப்புகள் சிறியதாக, ஒரு கிலோபைட்டுக்குள் இருக்கட்டும். பெரிய விதை ஒவ்வொரு சுற்றையும் மெதுவாக்கும். எல்லோருக்கும் வரும் தடை ஒன்றுதான்: உள்ளீட்டைப் பகுத்துப் படிக்கும் பார்சர் ஃபங்ஷன் தவறான உள்ளீட்டைக் கண்டதும் 'எக்ஸிட்' அழைத்து நிரலையே மூடிவிடும். ஃபஸ்ஸர் அங்கேயே நின்றுவிடும். பைட்டுகளை வாங்கி, பிழையை மதிப்பாகத் திருப்பும் ஃபங்ஷனாக முதலில் அதைப் பிரிக்க வேண்டும். இந்த அரை நாள் வேலைதான் உண்மையான செலவு.

நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் பேனிக்கும் (நிரல் தானே நின்றுவிடுவது) முடிவிலாச் சுழலும் மட்டுமே நேரடியாகக் கிடைக்கும். அங்கே பண்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சுருக்கி விரித்தால் பழைய பைட்டே வருகிறதா, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே விடை தருகின்றனவா.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். நெட்வொர்க் வழியாகத் தரவைக் கொண்டுவரும் கர்ல் திட்டம் தன் சொந்த டெஸ்ட் சர்வர்களோடு நீண்டகாலமாகச் சோதிக்கப்படுவது, தொடர்ந்து ஃபஸ் செய்யப்படுவது. ஆனாலும் 2020இல் 7.69.0 பதிப்பில் நுழைந்த சாக்ஸ்5 (ப்ராக்ஸி நெறிமுறை) பஃபர் வழிதல் (சிவிஇ-2023-38545) 2023 அக்டோபர் 11 அன்று 8.4.0 வரும்வரை உள்ளே இருந்தது. 255 பைட்டைத் தாண்டிய ஹோஸ்ட் பெயர், மெதுவாகப் பதில் தரும் ப்ராக்ஸி இரண்டும் சேர்ந்தால்தான் அது வெளிப்படும். இடையில் ஃபங்ஷன் திரும்பி மீண்டும் நுழையும்போது ஒரு லோக்கல் மாறியின் மதிப்பு தொலைந்துபோனது. நிலை மாறும் நெட்வொர்க் குறியீட்டுக்கு, ஒவ்வொரு படியிலும் தாமதம் செய்யும் போலி சர்வரைக் கையால் எழுதத்தான் வேண்டும்.

ஃபஸ்ஸர் கண்ட கோப்புகளை டெஸ்ட் தரவாகச் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் பின்கதவு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் 'பழுதான கோப்பு' என்ற பெயரில் வைத்திருந்த பைனரி டெஸ்ட் தரவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. பைனரித் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்டைக் களஞ்சியத்தில் வையுங்கள். முடியாதபோது ஹெக்ஸ் வடிவில், ஏன் வந்தது என்ற குறிப்போடு வையுங்கள்.

வேண்டுமென்றே கோளாறு

ஐந்தில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இது. கர்ல் திட்டத்தில் 'டார்ச்சர்' டெஸ்ட் ஒவ்வொரு நினைவக ஒதுக்கீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கவைத்து, நிரல் உடையாமலும் கசியாமலும் வெளியேறுகிறதா என்று பார்க்கிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளத் திட்டம் நினைவகம் தீர்வது, டிஸ்க் பிழை, மின்சாரம் போவது என எல்லாவற்றையும் இப்படிச் சோதிக்கிறது. சிறு திட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பிற்பகலில் எழுதக்கூடியவை இவை.

லினக்ஸில் 'டெவ் ஃபுல்' என்றொரு சாதனக் கோப்பு உண்டு. எதை எழுதினாலும் 'டிஸ்கில் இடமில்லை' என்று சொல்லும். நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பி, எக்ஸிட் கோட் 0 அல்லாமல் வருகிறதா என்று பாருங்கள். பல நிரல்கள் இங்கே தோற்கும். வெளியீடு முனையத்துக்குப் போகாதபோது பஃபரில் சேர்கிறது. 'பிரின்ட்எஃப்' வெற்றி என்றே சொல்லும். உண்மையான எழுத்து நிரல் முடியும் தருவாயில் நடக்கிறது. அங்கே வரும் பிழையை யாரும் பார்ப்பதில்லை. விளைவு, பாதியில் அறுந்த கோப்பும் எக்ஸிட் கோட் 0உம். குனூ கோர்யுடில்ஸ் நிரல் முடியும்போது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை வெளிப்படையாக மூடிச் சரிபார்ப்பது இதற்காகவே.

அடுத்தது உடைந்த பைப். வெளியீட்டை 'ஹெட்' கட்டளைக்கு அனுப்பி ஒரு வரியோடு நிறுத்துங்கள். லினக்ஸ் பைப் வழக்கமாக 64 கிலோபைட் தாங்கும். அதனால் பத்து வரி வெளியீட்டில் இந்த டெஸ்ட் எப்போதும் தேறும். ஒரு லட்சம் வரி வேண்டும். ரஸ்ட் நிரல்கள், பைப் உடைந்ததைச் சொல்லும் சிக்பைப் சிக்னலைப் புறக்கணித்தே தொடங்குவதால் 'பிரின்ட்எல்என்' பேனிக் ஆகும். பைத்தானில் நீளமான டிரேஸ்பேக் வரும்.

படிக்க அனுமதியில்லாத கோப்பைச் சோதிக்கும்போது கவனம்: டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ கன்டெய்னர்கள் பெரும்பாலும் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடுகின்றன, ரூட்டுக்கு அனுமதித் தடை செல்லாது. சாதாரணப் பயனராக ஓட்டுங்கள்.

கோப்புப் பெயர்களில் ஹைஃபனில் தொடங்குவது, இடைவெளி உள்ளது, புதுவரி உள்ளது, தமிழில் உள்ளது என நான்கும் இருக்கட்டும். 'கோப்பு' என்ற சொல்லில் எழுத்து 3, யுனிகோட் குறிப்புள்ளி 6, யுடிஎஃப்-8 பைட் 18. பத்தாவது பைட்டில் வெட்டும் நிரல் ஓர் எழுத்தை நடுவில் உடைக்கும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு வழக்கமான வரம்பு 255 பைட். தமிழில் அது 85 குறிப்புள்ளி மட்டுமே. பெயரோடு ஒரு பின்னொட்டைச் சேர்த்துத் தற்காலிகக் கோப்பு எழுதும் நிரல், ஆங்கிலப் பெயரில் என்றும் காணாத 'பெயர் மிக நீளம்' பிழையைத் தமிழ்ப் பெயரில் காணும். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் அதைப் பிரித்தே சேமித்தது. பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு அவை இரு வேறு கோப்புகள். தமிழ்ப் பெயரில் ஒரு டெஸ்ட் கோப்பை அனுப்பி வைப்பது, எந்தத் திட்டத்துக்கும் நம்மவர்கள் செய்யக்கூடிய உருப்படியான முதல் பங்களிப்பு.

எங்கெல்லாம் ஓட்டுவது? லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றும் போதும். மேக்கில் வரும் பாஷ் இன்னும் 3.2, உரை திருத்தும் 'செட்' கட்டளை பிஎஸ்டி வகை. விண்டோஸில் கிட் வரிமுடிவை மாற்றி, சரியான டெஸ்டுகளைத் தோற்கடிக்கும். டெஸ்ட் தரவு டைரக்டரிக்கு வரிமுடிவு மாற்றத்தை அணைத்து வையுங்கள். எப்போதாவது மட்டும் தோற்கும் டெஸ்டைத் தானாக மறுமுறை ஓட்டித் தேற்ற வேண்டாம்; காரணம் பெரும்பாலும் குறித்த நொடிக் காத்திருப்போ நிலையான போர்ட் எண்ணோதான். போர்ட் 0 கேட்டால் இயங்குதளமே காலியானதைத் தரும்.

எதைத் தேர்வது

சி மொழியில் எழுதி, அந்நியக் கோப்புகளைப் படிக்கும் கருவிக்குச் சானிடைசரும் ஃபஸ்ஸிங்கும் முதலில், புராசஸ் டெஸ்ட் அடுத்து. ரஸ்ட், கோ, பைத்தான் கருவிகளுக்குப் புராசஸ் டெஸ்ட் முதலில், கோளாறு டெஸ்ட் அடுத்து. வெளியீட்டை மனிதர் மட்டுமே பார்ப்பார்கள் என்றால் ஸ்னாப்ஷாட் போதுமானது. கணக்கு மிகுந்த கருவிக்கு மட்டும் யூனிட் டெஸ்ட் முன்னுக்கு வரட்டும்.

உங்கள் திட்டம் இதில் எந்த வகை என்று ஐயமிருந்தால் பிழைப் பதிவேட்டைத் திறந்து, கடைசியாக மூடிய 20 பிழைகளை எடுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும், ஐந்தில் எது அதை வெளியீட்டுக்கு முன்பே பிடித்திருக்கும் என்று ஒரு சொல் எழுதுங்கள். இரண்டு மணி நேர வேலை. ஏதாவது ஒரு சொல் எட்டு முறைக்கு மேல் வந்தால் அதிலேயே தொடங்குங்கள். எந்தச் சொல்லும் முந்தாவிட்டால் அந்த இருபதுக்கும் தலா ஒரு புராசஸ் டெஸ்ட் எழுதுங்கள். எழுதியதும் திருத்தத்தைத் தற்காலிகமாக நீக்கி ஒவ்வொரு டெஸ்டும் தோற்கிறதா என்று பார்த்துவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள்.